மகளின் கை போதாதா?

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, புதுமண்டபத்தை அடுத்து, எழுகடல் தெரு என்றொரு தெரு உண்டு. கடலே இல்லாத ஊருக்கு ஏழு கடல்கள் வந்த கதை பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இருக்கிறது. பாண்டியன் மலயத்துவசன் இறந்துவிட்டான். மகள் தடாதகை முடிசூடி, திக்குவிசயம் சென்று, சுந்தரேசரை மணந்து நாடாள்கிறாள். கைம்பெண்ணான தாய் காஞ்சனமாலைக்குக் கடலாட வேண்டும் என்று ஆசை. மகள் அதைக் கணவரிடம் சொல்ல, அவர் ஏழு கடல்களையும் ஒரு வாவிக்கு வரவழைத்துவிடுகிறார். கரையில் நின்று நீராடும் முறையைக் கேட்கிறாள் காஞ்சனமாலை. கணவன் கையைப் பற்றியோ, மகன் கையைப் பற்றியோ, இரண்டும் இல்லையென்றால் பசுங்கன்றின் வாலைப் பற்றியோதான் நீராட வேண்டும் என்று விதி சொல்லப்படுகிறது. அவளுக்குக் கணவன் இல்லை, மகனும் இல்லை. தாய் கலங்குகிறாள். கடைசியில் மலயத்துவசனே மேலுலகிலிருந்து அழைத்துவரப்பட்ட பிறகுதான் நீராட்டு நடக்கிறது.

இந்தப் படலத்தை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கரையில் எனக்குக் கால் நின்றுவிடும். மகள் பக்கத்தில்தானே நிற்கிறாள்? வேள்வித் தீயில் அவள் தோன்றியபோது, மைந்தனுக்குச் செய்யும் சடங்குகளையெல்லாம் இவளுக்குச் செய்து முடிசூட்டுக என்று அசரீரியே தந்தைக்குச் சொன்னது. மகனாகவே வளர்க்கப்பட்டவள், நாட்டையே தாங்கிய கை அது. ஆனால் குளத்தில் இறங்கத் தாய்க்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்றபோது அந்தக் கை பட்டியலில் இல்லை. கன்றின் வால் இருக்கிறது.

ஒரு புராணத்தின் மேல் இன்றைய நியாயத்தை ஏற்றி வழக்காடுவது என் நோக்கமன்று. அந்தப் பட்டியல் இன்னும் நம் மனத்தில் கிடக்கிறது என்பதே என் கவலை. ஒரு தாயும் மகளும் மட்டும் வாழும் வீட்டைப் பார்த்தவுடன் அங்கே இல்லாத மூன்றாமவரைத்தான் நாம் முதலில் பார்க்கிறோம். இருக்கிற இருவர் கண்ணில் படுவது அதற்குப் பிறகுதான். அந்த இருவரும் சிரித்துக்கொண்டிருந்தால் நமக்கு இன்னும் குழப்பமாகிவிடுகிறது. துக்கத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள் போலும் என்று நாமே ஒரு விளக்கம் சொல்லி அமைதி அடைகிறோம்.

நான் அப்படியொரு வீட்டில் வாழ்கிறேன். மகளுக்கு ஆறு வயது. நாங்கள் எப்படி இருவரானோம் என்ற கதை இங்கே தேவையில்லை. நான் பேச விரும்புவது எங்களைப் போன்ற வீடுகளில் நடக்கும் விளையாட்டைப் பற்றி. அதை நம் இலக்கியமும் திரைப்படமும் பள்ளிக்கூடமும் எப்படி வாசிக்கின்றன என்பதைப் பற்றி.

*

தாய்-மகள் விளையாட்டுக்குத் தமிழில் நெடிய மரபு இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். உற்றுப் பார்த்தால் அந்த மரபில் ஒரு விசித்திரம் தெரியும். சங்க அகப்பாடல்களில் மகளின் பாவை வருகிறது, பந்து வருகிறது, கழங்கு வருகிறது, மணலில் கட்டிய சிற்றில் வருகிறது. ஆனால் தாய் அவற்றைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் மகள் உடன்போக்கில் சென்றுவிட்ட பிறகு. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் 'மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து' என்று ஒரு பத்தே இருக்கிறது. வீட்டில் கிடக்கும் பாவையையும் மகள் பழகிய பறவையையும் பார்த்துத் தாய் அழுகிறாள். விளையாடிக்கொண்டிருந்தபோது எழுதப்படாத விளையாட்டு, இழந்த பிறகு பாட்டாகிறது. பொம்மை கையில் இருந்தவரை அது வெறும் பொம்மை. குழந்தை போன பிறகுதான் அது கவிப்பொருள்.

மணிமேகலையைப் பாருங்கள். கணவனோ தந்தையோ இல்லாத வீட்டில் தனியாக மகளை வளர்த்த தாய் என்றால் தமிழில் முதலில் நினைவுக்கு வர வேண்டியவள் மாதவி. மலர்வனம் புக்க காதையில் தாயும் மகளும் மாலை தொடுக்கும் ஒரு காட்சி இருக்கிறது. ஒரு சாதாரண வீட்டில், சாதாரணக் கைவேலையில், இருவர் எதிரெதிரே அமர்ந்திருக்கும் அருமையான காட்சி அது. சாத்தனார் அங்கே என்ன செய்கிறார்? கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததை மாதவி வயந்தமாலையிடம் சொல்லக் கேட்ட மணிமேகலையின் கண்ணீர் மாலையில் விழுகிறது. மாலை தூய்மை இழக்கிறது. புதுப் பூக் கொய்துவர மகளை அனுப்புகிறாள் தாய். அதற்கு முந்திய காதையிலோ, மணிமேகலையைப் பத்தினி கண்ணகியின் மகள் என்றே மாதவி சொல்லிவிடுகிறாள். பெற்றவள் தன் பெயரையே மகளுக்கு முன்னாலிருந்து எடுத்துவிடுகிறாள். காப்பியத்தின் தேவை அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பூந்தொடுப்பில் ஒரு நாளாவது இருவரும் சிரித்திருக்க மாட்டார்களா?

இதற்கு மாறான ஒரு வீடும் நம்மிடம் இருக்கிறது. வில்லிபுத்தூரில் துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்த பெண்குழந்தையைத் தனியொருவராய் வளர்த்தார் பெரியாழ்வார். வளர்ப்புத் தாய் என்று எவரும் குருபரம்பரைக் கதையில் முன்னிற்பதில்லை. அப்பா பூத்தொடுக்கிறார், மகள் இறைவனுக்குரிய மாலையைத் தானே சூடிக் கண்ணாடி பார்க்கிறாள். கற்பனையில் ஆய்ப்பாடியையே கட்டி அதற்குள் குடியேறுகிறாள். அப்பாவும் சளைத்தவரல்லர். அவர் யசோதையாகி, கண்ணன் அப்பூச்சி காட்டி மிரட்டும்போது பயந்ததுபோல் நடிக்கிறார். விளையாடத் தெரிந்த தந்தையும் விளையாடத் தெரிந்த மகளும். ஆண்டாளின் கற்பனைக்குத் தாயில்லாக் குறையே காரணம் என்று உரையாசிரியர் எவரும் எழுதி நான் படித்ததில்லை. எழுதவும் கூடாது. அந்தக் கற்பனையை நாம் நிறைவு என்று கொண்டோம். கோயில் கட்டிக் கொண்டாடினோம்.

அப்படியானால், தந்தையில்லாத வீட்டுப் பெண்குழந்தையின் கற்பனை மட்டும் ஏன் நமக்குக் காயமாகத் தெரிகிறது?

தமிழ்த் திரைப்படமும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. தந்தை-மகள் விளையாட்டு நம் திரையில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. 2008இல் 'அபியும் நானும்', 2011இல் 'தெய்வத் திருமகள்', 2013இல் 'தங்க மீன்கள்'. 'தெய்வத் திருமகள்' தாயில்லாத மகளை வளர்க்கும் தந்தையின் கதை. அந்தத் தந்தையும் மகளும் சேர்ந்து கொட்டமடிப்பதைப் பார்த்து அரங்கமே கண் கலங்கியது. தாயும் மகளும் மட்டும் வாழும் வீட்டுக்கு 2016இல் 'அம்மா கணக்கு' வந்தது. இந்தியில் வந்த 'நில் பட்டே சன்னாட்டா'வின் தமிழ் வடிவம். வீட்டுவேலை செய்யும் தாய், கணக்கில் தேறாத மகளைத் திருத்துவதற்காக அவள் வகுப்பிலேயே மாணவியாகச் சேர்கிறாள். நல்ல படம், நல்ல கற்பனை. ஆனாலும் அங்கே தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஒரு தேர்வு உட்கார்ந்திருக்கிறது. தந்தை மகளோடு சும்மா விளையாடலாம். தாய் மகளோடு விளையாடினால் அதில் மதிப்பெண் வர வேண்டும், வாழ்க்கைப் பாடம் வர வேண்டும், தியாகம் வர வேண்டும்.

தாலாட்டுகளில் நிலைமை சற்று வேறு. அங்கே மாமன் சீர் கொண்டு வருவான், அத்தை வருவாள், பாட்டி வருவாள். தந்தை தலைகாட்டுவது குறைவு. ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் தொட்டிலும் போதும் என்று அந்தப் பாட்டுகள் நினைத்தன. எழுதத் தெரிந்தவர்கள் மறந்ததை எழுதத் தெரியாத அம்மாக்கள் மறக்கவில்லை.

*

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். விளையாட்டு என்றதும் பொம்மைகள் பரப்பிய அறையையும் ஓய்வாக அமர்ந்திருக்கும் தாயையும் நினைத்துவிட வேண்டாம். தனியாகப் பிள்ளை வளர்ப்பவளுக்கு விளையாடுவதற்கென்று தனி நேரம் கிடையாது. வேலைக்குள்தான் விளையாட்டு நடக்க வேண்டும். காலையில் குக்கர் முதல் விசில் அடித்தால் திண்டுக்கல், இரண்டாவது விசிலுக்குத் திருச்சி, மூன்றாவதில் விழுப்புரம். விழுப்புரத்தில் அடுப்பை அணைக்க வேண்டும், அதற்குள் மகள் சீருடை மாட்டியிருக்க வேண்டும். பின்னல் போடும்போது இடப்பக்கச் சடைக்கும் வலப்பக்கச் சடைக்கும் சண்டை, நான் நடுவர். மாலையில் பேருந்தில் இடம் கிடைத்தால் நாங்கள் இருவரும் வெளியூர்க்காரர்கள், நகரத்தை முதன்முதலாகப் பார்க்கிறோம். அவள் எனக்கு ஒவ்வொரு கடையாக விளக்கம் சொல்வாள். பல்லாங்குழியும் தாயமும் ஐந்தாங்கல்லும் இரண்டு பேருக்குப் போதுமான ஆட்டங்கள். நம் பாட்டிமார் வீட்டு ஆட்டங்களை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

இவற்றில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரை எழுத நேர்ந்ததே அதனால்தான்.

ஒரு சான்றிதழுக்காக நான் ஓர் அலுவலகத்துக்கு ஐந்து முறை நடந்தேன். தந்தையின் ஆவணம் இணைக்கப்படவில்லை என்பதே ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட குறை. இரண்டு முறை மகளையும் அழைத்துப் போயிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு எங்கள் கூடத்தில் குழல்விளக்கின் ஓரமாக இருந்த பல்லி 'த்சு த்சு' என்றது. மகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்: "அம்மா, தாசில்தார் அடுத்த வாரம் வரச் சொல்றார்."

அன்றிலிருந்து அது பல்லி இல்லை. தாசில்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் சோற்றுப் பருக்கையால் மனுக்கள் ஒட்டப்படும். சனிக்கிழமைகளில் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது என்று ஒரு மனு. பக்கத்து வீட்டுப் பூனைக்குத் தங்கள் வீட்டுக்குள் வர அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஒரு மனு. நான் டவாலி. மனுவை உரக்கப் படிப்பது என் வேலை. பல்லி ஒலித்தால் மனு ஏற்கப்பட்டது. ஒலிக்காவிட்டால் கோப்பு நிலுவையில். தலைவன் வரவை எதிர்நோக்கும் அகத்திணைத் தலைவி பல்லி சொல்லை நற்குறியாகக் கொண்டதைப் பாடம் நடத்தும் எனக்கு, என் மகள் அதே பல்லியை வருவாய்த் துறையில் சேர்த்துவிட்டதில் உள்ளூரப் பெருமைதான். என்னை ஐந்து முறை அலைக்கழித்த ஒன்றை அவள் ஒரே இரவில் ஓரங்குல உயிராகச் சுருக்கிச் சுவரில் ஒட்டிவிட்டாள். இதற்குப் பெயர் அங்கதம். ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தச் சொல் தெரியாது, அவ்வளவுதான்.

சில வாரங்கள் கழித்துப் பள்ளியிலிருந்து அழைப்பு. வகுப்பாசிரியை மிகுந்த தயக்கத்தோடு பேசினார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. பாப்பா கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்றா. ராத்திரி ஆனா எங்க வீட்டுக்குத் தாசில்தார் வருவார்னு. அம்மா அவருக்காக லைட்டைப் போட்டு வைப்பாங்கன்னு…"

வாசக நண்பர்கள் சிரிக்கலாம். நானும் பிறகு சிரித்தேன். அந்த நொடியில் சிரிக்க முடியவில்லை. தனியாக வாழும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு இரவில் ஓர் ஆண் அதிகாரி வருகிறார் என்ற செய்தி ஒரு வகுப்பு முழுவதும், அந்த வகுப்பின் பெற்றோர் வரையும் போயிருக்கிறது. ஆசிரியையிடம் பல்லியைப் பற்றிச் சொன்னேன். தாசில்தார் பூச்சி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார் என்பதையும் மகள் வகுப்பில் சொல்லித்தான் இருக்கிறாள். கேட்டவர்கள் பூச்சி வரை காத்திருக்கவில்லை.

ஆசிரியை சிரித்துவிட்டார். நல்ல மனம் உடையவர். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இருந்தாலும் மேடம், அப்பா இல்லாத பிள்ளைங்க இப்படித்தான் கற்பனையா ஒருத்தரை உண்டாக்கிக்குவாங்க. ஒரு கவுன்சிலிங் மாதிரி கூட்டிட்டுப் போனீங்கன்னா…" அதே வகுப்பில் இன்னொரு குழந்தை தங்கள் வீட்டு மொட்டைமாடியில் யானை இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தைக்கு அப்பா, அம்மா, தாத்தா எல்லாரும் உண்டு. அதன் யானைக்குக் கற்பனை வளம் என்று பெயர். எங்கள் தாசில்தாருக்கு நோய்க்குறி என்று பெயர்.

அன்றிரவு மகள் கேட்டாள்: "தாசில்தாரைப் பத்தி ஸ்கூல்ல சொல்லக் கூடாதாம்மா?" சொல்லலாம், முதலில் பல்லி என்று சொல்லிவிட்டுச் சொல் என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "முதல்லயே பல்லின்னு சொல்லிட்டா அப்புறம் என்ன கதை?"

முதுகலையில் கதைக்கலை குறித்து நான் படித்த எதுவும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை. ஆனால் சுவரில் சில நாள்கள் மனு எதுவும் ஒட்டப்படவில்லை. என்னை உறுத்துவது அந்தச் சில நாள்கள்தான். ஒரு குழந்தை தன் கதையை வெளியில் சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டது. ஊரலர் உரைத்த காதை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்தே தொடங்கிவிடுகிறது.

*

குழந்தைகளின் கற்பனைத் தோழர்களைப் பற்றி அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஜரி டெய்லர் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1999இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அவரும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் 65 விழுக்காட்டுக் குழந்தைகள் ஏதோ ஒரு காலத்தில் ஒரு கற்பனைத் தோழரை வைத்திருந்தது தெரிந்தது. மூன்றில் இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளலாம். அத்தனை வீட்டிலும் தந்தை இல்லாமல் போய்விடவில்லை. அந்தக் குழந்தைகளுக்குத் தங்கள் தோழர் உண்மையில்லை என்பது நன்றாகவே தெரியும் என்பதும் அவர் கண்டது. தீவிரமாகக் கேள்வி கேட்டுக் குறிப்பெடுக்கும் ஆய்வாளரைப் பார்த்து, இது சும்மா விளையாட்டுக்குத்தான் என்று குழந்தைகளே நினைவூட்டுவார்களாம். கற்பனையையும் மெய்யையும் பிரித்தறிவதில் சிக்கல் யாருக்கு என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையில் ஓர் அழகான எடுத்துக்காட்டு வருகிறது. இரண்டு சகோதரிகள், அக்கா தங்கை விளையாட்டு விளையாடுகிறார்கள். உண்மையிலேயே அக்கா தங்கையாக இருப்பவர்கள் எதற்கு அதை நடிக்க வேண்டும்? வாழ்க்கையில் கவனிக்காமல் கடந்துவிடும் உறவு, விளையாட்டில் ஒரு விதியாகிறது. அக்கா என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் அப்போதுதான் யோசிக்கிறார்கள் என்று விளக்குகிறார் அவர்.

எங்கள் வீட்டில் அம்மா-பொண்ணு விளையாட்டு உண்டு. அவள்தான் அம்மா, நான் பொண்ணு. அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்த் திரும்பி வருவாள். பையைக் கீழே போடுவாள். "அப்பாடா, முதுகு" என்பாள். நான் ஏதாவது கேட்டால், "அஞ்சு நிமிஷம்டா கண்ணு, அம்மா உக்காந்துக்கறேன்" என்பாள். பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் செய்வாள். அந்த ஐந்து நிமிடத்தைச் சத்தமாக எண்ணுவாள். எண்ணி முடித்தவுடன் எழுந்து, "சரி, இப்போ சொல்லு, இன்னிக்கு என்ன நடந்துச்சு" என்று என் எதிரில் வந்து உட்காருவாள். நிஜ அம்மாவின் ஐந்து நிமிடம் சில நாள்களில் அரைமணி ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். விளையாட்டு அம்மா எப்போதும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவாள்.

இந்த விளையாட்டில் அப்பா என்றொரு பாத்திரம் வருவதில்லை. வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றி அவள் கேட்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கேட்கிறாள், பதில் சொல்கிறேன், சில இரவுகளில் அந்தப் பேச்சு நீள்கிறது. அந்த வலி உண்மையானது, அதற்குரிய இடம் அதற்கு உண்டு. ஆனால் அவளுடைய ஒவ்வொரு கதையும் அந்த வலியின் மொழிபெயர்ப்பு என்று வாசிப்பது சோம்பேறித்தனமான வாசிப்பு. ஒரு கவிஞனின் எல்லாப் பாடல்களையும் அவன் பட்ட கடனைக் கொண்டே விளக்கும் திறனாய்வாளனை நாம் எவ்வளவு மதிப்போமோ அவ்வளவே இதையும் மதிக்கலாம்.

*

குறையே இல்லை என்று சாதிப்பதும் பொய்யாகிவிடும். குறை இருக்கும் இடம் வேறு என்கிறேன். ஐ.நா. பெண்கள் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியக் குடும்பங்களில் 4.5 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ ஒரு கோடியே முப்பது இலட்சம் குடும்பங்கள், தாய் மட்டுமே பிள்ளைகளோடு நடத்துபவை என்று கணக்கிட்டது. அந்த வீடுகளில் விளையாட்டைக் கொல்வது எது? நேரமின்மை. வாடகை. மாலை ஆறு மணிக்கு மேல் குழந்தையை விட ஓரிடம் இல்லாமை. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று சேர்த்தார்கள். வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் தெருவில் கடை விரித்திருப்பவளுக்கும் அந்த ஐம்பது பேர் எங்கிருந்து வருவார்கள்? எனக்கு மாதம் முடிந்தால் சம்பளம் வருகிறது. அதனால்தான் நான் டவாலியாக இருக்க முடிகிறது. உண்மையிலேயே ஒரு குழந்தையின் கற்பனைக்காகக் கவலைப்படுகிறவர்கள் அதன் தாயின் வேலைநேரத்தைப் பற்றி முதலில் கேட்கலாம்.

சட்டம் மெல்லவேனும் நகர்ந்திருக்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் சிறு மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் சேமிப்புப் பத்திரம் வாங்க முயன்றபோது, காப்பாளராகத் தந்தையின் கையெழுத்து கேட்கப்பட்டது. அந்த வழக்கில்தான் 1999இல் உச்ச நீதிமன்றம், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் தந்தைக்குப் 'பிறகு' தாய் என்றிருப்பதற்குத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ளத் தேவையில்லை என்றது. திருமணமாகாத தாய், தந்தையின் பெயரைச் சொல்லாமலே குழந்தையின் காப்பாளராகலாம் என்று 2015இல் தீர்ப்பு வந்தது. 2016 டிசம்பரில் கடவுச்சீட்டு விதிகள் மாறி, பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்றாயிற்று. ஒரு சொல்லுக்குப் புதுப்பொருள் காண நீதிபதிகளால் முடிந்திருக்கிறது. சொல்லையே தொழிலாகக் கொண்ட நமக்கு ஏன் இன்னும் முடியவில்லை?

நாம் வைத்திருக்கும் சொற்களையே பாருங்கள். 'ஒற்றைத் தாய்', 'தனித்தாய்'. இரண்டும் ஆங்கிலத்தைப் பார்த்து ஆக்கியவை. இரண்டிலும் மகள் இல்லை. பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளைக் கணக்கில் சேர்க்காமல் தாயைத் தனி என்கிறோம். குளக்கரையில் நின்ற அதே பட்டியல்தான்.

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையை இங்கே நினைக்கிறேன். அம்மாவையே ஒளியாகக் கற்பனை செய்து வைத்திருந்த பெண்குழந்தை பூப்பெய்துகிறாள். ஊரிலிருந்து திரும்பும் அம்மா சொல்லும் ஒரே வாக்கியத்தில் அந்த ஒளி செத்துப்போகிறது. குழந்தையின் கற்பனை எவ்வளவு எளிதில் கொல்லப்படக்கூடியது என்பதைத் தமிழில் அதைவிட நன்றாக எவரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஒரு வாக்கியம் போதும். 'அப்பா இல்லாத பிள்ளை' என்பதும் ஒரு வாக்கியம்தான்.

நான் தினமும் பேருந்து ஏறும் இடத்தில் ஒரு பூக்காரப் பெண் இருக்கிறார். அவருக்கு ஏழெட்டு வயதில் ஒரு மகள். பள்ளி விட்டதும் பையோடு வந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவாள். மல்லிகைச் சரத்தின் நடுவே ஆங்காங்கே கனகாம்பரம் வைத்துக் கட்டுவார்கள். கனகாம்பரம் வரும்போதெல்லாம் அம்மா நிமிராமல் கேட்பார்: "இது எந்த ஊரு?" மகள் ஓர் ஊர் சொல்வாள். அந்த ஊரில் யார் இறங்கினார்கள், யார் ஏறினார்கள் என்று இரண்டு வரி சொல்வாள். மறுபடி மல்லிகை. மறுபடி ஒரு கனகாம்பரம். ஒருநாள் நான் வாங்கிய முழம் பூவில் அவள் கணக்குப்படி நான்கு ஊர்கள் இருந்தன. அந்த வீட்டில் ஆண் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. சாத்தனார் விட்டுவிட்ட பூந்தொடுப்பு அது என்று மட்டும் தோன்றியது. கண்ணீர் விழாத மாலையும் உலகில் உண்டு.

எழுதும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். அந்த மாலையை எழுதுங்கள். தாயும் மகளும் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் ஒரு கதையை அழைத்துப் போகும்போது, வாசலிலேயே நின்று இல்லாதவரைத் தேடாதீர்கள். உள்ளே வந்து, என்ன விளையாட்டு நடக்கிறது என்று பாருங்கள். மகள் உடன்போக்கில் போகும்வரை காத்திருந்து பிறகு பொம்மையைப் பார்த்துப் பாட வேண்டாம். பொம்மைக்குப் பெயர் வைக்கும்போதே எழுதுங்கள்.

ஆசிரியர்களிடம் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. நானும் அந்தத் தொழிலில் இருப்பவள்தான். அறுபது பேர் வகுப்பில் ஒரு குழந்தையின் கதைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் குழந்தையின் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று மனத்துக்குள் கணக்குப் போடுவதற்கு முன், இன்னும் அரை நிமிடம் பொறுத்துக் கதையைக் கேளுங்கள். பூச்சி வரும்வரையாவது கேளுங்கள்.